புளிக்காத ஆட்டுப்பால் ஏன் திரிகிறது? பாலுக்குள் ஓடும் உப்புக் கணக்கு

பால் சொசைட்டியில் வந்து இறங்கும் பாலைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சோதனைக் குழாயில் 5 மில்லி பால், அதே அளவு 68 சதவீத ஆல்கஹால். இரண்டு முறை கவிழ்த்து நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். நல்ல பசும்பால் கண்ணாடியில் வழுவழுவென்று வழிந்து இறங்கும். ரவை ரவையாக ஒட்டினால் பால் கெட ஆரம்பித்துவிட்டது, சூடு தாங்காது என்று கேனைத் திருப்பிவிடுவார்கள்.

இதே குழாயில் ஆட்டுப்பாலை ஊற்றுங்கள். கறந்து அரை மணி நேரம் ஆகாத பால்கூடப் பல நேரம் ரவை காட்டும். "பால் புளிச்சிருக்கு" என்பது உடனே வரும் தீர்ப்பு. அமிலத்தன்மையை அளந்தால் 0.14 சதவீதம் காட்டும். புதுப் பசும்பாலும் அவ்வளவுதான் காட்டும். இன்னொரு குழாயில் 5 மில்லி எடுத்துக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்தால் திரிவதும் இல்லை. புளிப்பும் இல்லை, கொதித்தும் திரியவில்லை, ஆல்கஹாலில் மட்டும் திரிகிறது. கோளாறு பாலில் இல்லை. பசும்பாலுக்கு வைத்த அளவுகோலை ஆட்டுப்பாலுக்கு நீட்டியதில்தான் இருக்கிறது.

எந்தப் பாலில் கால்சியம் அதிகம் என்று ஒரு எண்ணைத் தேடுவதுதான் வழக்கம். அந்த எண்ணுக்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் பால் சட்டியில் எப்படி நடந்துகொள்ளும், உறை எப்படி விழும், பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் அதைத் தாங்குமா என்பதை எல்லாம் முடிவு செய்வது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, எந்த உப்புக்கு எதிரில் எந்த உப்பு எவ்வளவு நிற்கிறது. மற்றொன்று, அந்த உப்பு பாலின் தண்ணீர்ப் பகுதியில் கரைந்து கிடக்கிறதா, கேசீன் புரதத்துக்குள் பூட்டிக் கிடக்கிறதா.

முதலில் எண்களை முடித்துவிடுவோம். எல்லாமே 100 கிராம் பாலுக்கு, தோராயமாக. பசும்பாலில் கால்சியம் 120 மில்லிகிராம், பாஸ்பரஸ் 95, பொட்டாசியம் 140 முதல் 150, சோடியம் 45 முதல் 50. எருமைப்பாலில் கால்சியம் 170 முதல் 200 வரை போகும், பாஸ்பரஸ் 115 அளவில். ஆட்டுப்பாலில் கால்சியம் 130, பாஸ்பரஸ் 110. பொட்டாசியம் மட்டும் 180 முதல் 200 என்று தூக்கலாக இருக்கும். செம்மறிப்பால் கால்சியம் 190, பாஸ்பரஸ் 155. கழுதைப்பால் 70, 50. தாய்ப்பாலில் கால்சியம் வெறும் 30, பாஸ்பரஸ் 14 அல்லது 15. இனம், ஈத்து, கறவையின் எத்தனையாவது மாதம் என்பதைப் பொறுத்து இவை பத்து இருபது சதவீதம் ஏறி இறங்கும். ஆகவே 118-க்கும் 122-க்கும் இடையில் சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

சாம்பல் அளவை வைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாலை உலர்த்தி 550 டிகிரி உலையில் எரித்தால் மிஞ்சும் வெள்ளைச் சாம்பல் பசும்பாலில் 0.7 சதவீதம், எருமை, ஆட்டுப்பாலில் 0.8, செம்மறியில் 0.9, தாய்ப்பாலில் 0.2. இது பாலில் இருந்த உப்பின் நேர் அளவு ஆகாது. சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) முழுக்க எரிந்து போய்விடும். புரதத்தில் இருந்த கந்தகமும் பாஸ்பரஸும் புதிதாகச் சாம்பலில் வந்து சேரும். உலை 600 டிகிரியைத் தாண்டினால் குளோரைடும் ஆவியாகக் கிளம்பிவிடும், சாம்பல் குறையும். பசும்பாலில் உண்மையான உப்பு 0.9 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

பாலுக்குப் பால் இப்படி வேறுபடுவதற்குக் காரணம் குட்டியின் அவசரம். கன்று பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காக ஒன்றரை மாதம் போதும். செம்மறிக்குட்டிக்கு இரண்டு வாரம். முயல்குட்டிக்கு ஆறே நாள். மனிதக் குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆகிறது. வேகமாக எலும்பு கட்ட வேண்டிய குட்டிக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் கொட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் தண்ணீரில் இவ்வளவு செறிவாகக் கரைத்தால் கல்லாக உறைந்து மடிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். கேசீன் வேலைக்கு வருவது இங்கேதான். கால்சியம் பாஸ்பேட்டை நுண்ணிய துணுக்குகளாகத் தனக்குள் பொதிந்து, கல்லாக விடாமல், கரைந்தது போலவே கொண்டுபோய்ச் சேர்க்கும் சுமைதாங்கி அது. கேசீன் அதிகம் உள்ள பாலில் கால்சியமும் அதிகம் என்பது தற்செயல் அல்ல. பாலின் வெண்மையில் பெரும்பங்கும் இந்தக் கேசீன் உருண்டைகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவதுதான்.

பசும்பாலின் 120 மில்லிகிராமில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கேசீனுக்குள். மீதி 40 மில்லிகிராம் தண்ணீர்ப் பகுதியில். அதிலும் பெரும்பகுதி சிட்ரேட்டோடு கைகோத்து நிற்கும். எதோடும் ஒட்டாமல் தனியாக அலையும் கால்சியம் 100 மில்லிக்கு 8 மில்லிகிராம்தான். ஊரையே கெடுப்பது இந்தச் சின்னக் கும்பல்தான். கேசீன் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதற்குக் காரணம் அவற்றின் மேல் உள்ள எதிர்மின்னூட்டமும் மயிரிழை போன்ற மேலுறையும். நேர்மின்னூட்டம் கொண்ட தனிக் கால்சியம் கூடினால் தள்ளும் விசை குறையும், உருண்டைகள் ஒட்டும். ஆல்கஹால் அந்த மேலுறையைச் சுருட்டி மிச்ச வேலையை முடித்துவிடும்.

ஆட்டுப்பாலில் தனிக் கால்சியம் பசும்பாலைவிடப் பெரும்பாலும் கூடுதல். அதைக் கட்டிப்போடும் சிட்ரேட் குறைவு. ஆல்கஹால் குழாயில் ரவை விழ இதுவே போதும். ஆகவே ஆட்டுப்பால் வாங்கும் இடத்தில் ஆல்கஹால் சோதனையை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. அமிலத்தன்மை, கொதிக்கவைத்துப் பார்த்தல் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பசுவிலும் அபூர்வமாக இது நடக்கும்: கறவை வற்றும் மாதங்களில், தீவனம் ஒழுங்கில்லாத காலத்தில், புளிக்காத பால் ஆல்கஹாலில் திரியும்.

1919-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சோமர், ஹார்ட் என்ற இருவர் பாலின் சூடு தாங்கும் திறனை ஒரு தராசாகப் பார்த்தார்கள். ஒரு தட்டில் கால்சியமும் மெக்னீசியமும், மறு தட்டில் பாஸ்பேட்டும் சிட்ரேட்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பால் சீக்கிரம் திரியும். பின்னால் வந்த ஆராய்ச்சி இதில் புரதத்தின் பங்கையும் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவின் (எண் இறங்கினால் புளிப்பு ஏறும்) பங்கையும் சேர்த்தது. ஆனாலும் பட்டறையில் இன்றும் கைகொடுப்பது இந்தத் தராசுதான். ஆட்டுப்பாலை 140 டிகிரியில் சில விநாடி சூடாக்கி அட்டைப் பெட்டியில் அடைக்கும்போது அடியில் வண்டல் படிகிறது. அதைத் தடுக்க லிட்டருக்கு 1 கிராம் அளவில் டிரைசோடியம் சிட்ரேட்டோ டைசோடியம் பாஸ்பேட்டோ சேர்ப்பதற்கு வேறு காரணம் இல்லை: மறு தட்டில் கொஞ்சம் எடை வைக்கிறார்கள்.

தராசு இன்னொன்றும் உண்டு, அது சர்க்கரைக்கும் உப்புக்கும் இடையில். பாலின் சவ்வூடு அழுத்தம், அதாவது கரைந்த பொருட்கள் தண்ணீரைத் தம் பக்கம் இழுக்கும் விசை, ரத்தத்தின் சவ்வூடு அழுத்தத்துக்குச் சமமாகவே இருந்தாக வேண்டும். அதைப் பெரும்பாலும் கட்டிக் காப்பது பால்சர்க்கரையான லாக்டோஸும், கரைந்த பொட்டாசியம், சோடியம், குளோரைடும். லாக்டோஸ் ஏறினால் உப்பு இறங்கும். தாய்ப்பாலில் லாக்டோஸ் 7 சதவீதம், அதனால் உப்பு கொஞ்சம். பசும்பாலில் லாக்டோஸ் 4.8.

மடிநோயைப் பிடிக்க இது நல்ல கண்ணி. மடியின் திசு புண்ணானால் ரத்தத்தில் உள்ள சோடியமும் குளோரைடும் பாலுக்குள் கசியும், லாக்டோஸும் பொட்டாசியமும் குறையும். பால் உப்புக் கரிக்கிறது என்று கறப்பவர் சொல்வது இதைத்தான். கணக்காகச் சொன்னால் கோஸ்ட்லர் எண்: குளோரைடு சதவீதத்தை 100-ஆல் பெருக்கி, லாக்டோஸ் சதவீதத்தால் வகுக்க வேண்டும். நலமான பசுவில் குளோரைடு 0.10, லாக்டோஸ் 4.8 என்றால் எண் 2.1. குளோரைடு 0.16 ஆகி லாக்டோஸ் 4.0-க்கு இறங்கினால் எண் 4. மூன்றைத் தாண்டினால் சந்தேகம். மாதிரியைக் காம்பு காம்பாகத் தனித்தனியே எடுக்க வேண்டும். வாளியில் கலந்த பாலில் ஒரு காம்பின் கோளாறு மற்ற மூன்றில் மறைந்துபோகும்.

இங்கேயும் ஆடு நம்மை ஏமாற்றும். நலமான ஆட்டின் பாலிலேயே குளோரைடு 0.15 சதவீதத்தை ஒட்டி, லாக்டோஸ் 4.3 அளவில். எண் 3.5 வந்துவிடும். பசுவின் அட்டவணையை வைத்துக்கொண்டு நல்ல ஆட்டுக்கு ஊசி போட்டவர்கள் உண்டு. குளோரைடு கூடியதைப் பார்த்து, உப்புத்தண்ணீர் கலப்படம் என்று சொல்லிவிடுவதும் இதே தவறின் இன்னொரு முகம்.

எருமைக்கு வருவோம். எருமைப்பாலில் கால்சியம் அதிகம் என்பது 100 கிராமுக்குப் பார்த்தால் உண்மை. கலோரிக்குப் பார்த்தால் கதை மாறுகிறது. 100 கிராம் பசும்பால் 65 கலோரி, எருமைப்பால் 100 கலோரியைச் சுற்றி. 100 கலோரி அளவுக்குக் குடித்தால் இரண்டிலும் கிடைப்பது 180 மில்லிகிராம் கால்சியம்தான். எருமைப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சும் வீட்டில் பசும்பாலைவிடக் குறைந்த கால்சியம்தான் டம்ளரில் விழுகிறது.

இதையே புத்திசாலித்தனமாகச் செய்தது டோன்டு பால். பம்பாயில் 1946-இல் தாரா குரோடி என்பவர் எருமைப்பாலில் தண்ணீரோடு கொழுப்பு நீக்கிய பால்பவுடரையும் சேர்த்தார். கொழுப்பு 3 சதவீதத்துக்கு இறங்கியது. கொழுப்பற்ற திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப்., 8.5-இல் நின்றது. கால்சியம் இருப்பது வெண்ணெயில் அல்ல, இந்த எஸ்.என்.எஃப். பகுதியில். ஆகவே ஆவின் நீலப் பாக்கெட்டின் 3 சதவீதக் கொழுப்புப் பாலுக்கும் ஆரஞ்சுப் பாக்கெட்டின் 6 சதவீதப் பாலுக்கும் கால்சியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆடை எடுத்த பாலில் சத்துப் போய்விட்டது என்று கவலைப்படுகிறவர்கள் கொழுப்பையும் அதில் கரையும் வைட்டமின்களையும் பற்றிக் கவலைப்படலாம், சுண்ணாம்புச் சத்தைப் பற்றி வேண்டாம்.

எருமைப்பாலின் உப்புக் கணக்கு கைக்குத் தெரிவது பனீரில். அதன் கால்சியத்தில் பசும்பாலைவிடப் பெரிய பங்கு கேசீனுக்குள் இருக்கிறது, கேசீனும் கூடுதல். 90 டிகிரிக்குச் சூடாக்கி, 70-க்கு இறக்கி, 1 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, பிஎச் 5.3-ஐ ஒட்டி நிறுத்தினால் கத்திக்கு நிற்கும் கட்டி கிடைக்கும். லிட்டருக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் ஆகும். பசும்பாலில் அதே முறையில் செய்தால் கட்டி உதிரும், குழம்பில் போட்டால் கரையும். பசும்பாலை 80 டிகிரியிலேயே திரிக்க வேண்டும், பிஎச் 5.2 வரை இறக்க வேண்டும், லிட்டருக்கு 1 கிராம் உணவுத் தரக் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் கட்டி நிற்கும். அதற்கு மேல் போட்டால் கசக்கும். பாலை உறையவைக்கும் ரெனட் என்ற நொதியைப் போட்டுச் சீஸ் செய்கிறவர்களுக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு போதும், 10 லிட்டருக்கு 2 கிராம். குளிர்பெட்டியில் ஒரு நாள் கிடந்த பால் ரெனட்டுக்கு மந்தமாக உறைவதும் கால்சியக் கணக்குதான்: குளிரில் கேசீனில் இருந்து கொஞ்சம் கால்சியம் வெளியே வந்துவிடுகிறது.

ரசகுல்லாவுக்கு இது தலைகீழ். அதற்கு வேண்டிய வங்காளத்துச் சென்னாவுக்கு, அதாவது பாலைத் திரித்து எடுக்கும் மென்மையான கட்டிக்கு, பசும்பால்தான். எருமைப்பாலில் செய்தால் உருண்டை ரப்பராகும், உள்ளே மணல் மணலாக நெருடும், பாகு ஏறாது. எருமைப்பால் மட்டுமே கைவசம் என்றால் கால் பங்கு தண்ணீர் விட்டுத் திரிப்பது பழைய கை வைத்தியம்.

பனீர் பிழிந்த தெளிநீரில் கால்சியம் இல்லை என்று நினைத்துக் கொட்டிவிடுகிறோம். புளிப்பு ஏற ஏறக் கேசீனுக்குள் இருந்த கால்சியம் பாஸ்பேட் கரைந்து வெளியே வரும்; பிஎச் 5-க்கு வருவதற்குள் ஏறக்குறைய முழுதும் கரைந்துவிடும். ஆகவே தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடும்போது சொட்டும் தண்ணீரில் 100 கிராமுக்கு 100 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் போகிறது. ரெனட்டால் உறைய வைத்த சீஸின் தெளிநீரில் அதில் பாதிதான். தயிரை அப்படியே தின்றால் இழப்பே இல்லை. தொங்கவிட்ட கெட்டித் தயிர் வேண்டும் என்றால் கீழே விழும் தண்ணீரைச் சப்பாத்தி மாவுக்கோ ரசத்துக்கோ விட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டகப்பாலைப் பற்றிச் சுருக்கமாக. கால்சியம் பசும்பாலை ஒட்டியதுதான். கேசீன் உருண்டையின் மேலுறையாக இருக்கும் கப்பா கேசீன் மிகக் குறைவு, உருண்டைகள் பெரியவை. அதனால் தயிர் கெட்டியாக விழாது, கன்றின் ரெனட்டுக்கும் சரியாக மசியாது. சுவை தீவனத்தைப் பொறுத்தது: உவர்நிலச் செடி மேய்ந்தால் பாலும் கரிக்கும். தண்ணீர் கிடைக்காத நாட்களில் ஒட்டகம் பாலைக் கெட்டியாக்குவதில்லை, மாறாக நீர்க்கச் செய்கிறது. தண்ணீர் 86 சதவீதத்தில் இருந்து 91 வரை ஏறியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். குட்டிக்குத் தாகம் என்று அதற்குத் தெரியும் போலும்.

இனி, தவறினால் உயிர் போகக்கூடிய இடம்: பச்சைக் குழந்தை. தாய்ப்பாலில் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் 2-க்கு 1. பசுவிலும் ஆட்டிலும் 1.2 அல்லது 1.3-க்கு 1. பசும்பாலில் தாய்ப்பாலைவிட நான்கு மடங்கு கால்சியம் இருந்தும், பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பு வரக்கூடும். கூடவே வந்த ஆறேழு மடங்கு பாஸ்பேட்டைக் குழந்தையின் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. தேங்கிய பாஸ்பேட் ரத்தத்தின் கால்சியத்தைக் கீழே இழுத்துவிடுகிறது. சோடியமும் தாய்ப்பாலில் 17 மில்லிகிராம்தான், பசும்பாலில் அதைப்போல இரண்டரை மடங்கு. தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு: செறிவு குறையும், விகிதம் மாறாது, கலோரியும் போய்விடும். குழந்தைகளுக்கான பால்பவுடரில் இந்த விகிதம் 1-க்குக் குறையாமலும் 2-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தர விதி.

தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்கில் கறந்து கொடுப்பதை நம் ஊரில் இன்னமும் பார்க்கலாம். உப்பு அளவில் கழுதைப்பால் தாய்ப்பாலுக்கு மற்றவற்றைவிடக் கிட்டத்தில் இருப்பது மெய்தான்: சாம்பல் 0.4 சதவீதம், லாக்டோஸ் 7-ஐ ஒட்டி. ஆனால் கொழுப்பு 1 சதவீதம்கூட இருக்காது, அதை நம்பிக் குழந்தை வளராது. காய்ச்சாமல் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பச்சைப்பாலில் வரும் கிருமிக்கு உப்புக் கணக்கு தெரியாது.

இரும்பைத் தேடி எந்தப் பாலுக்கும் போக வேண்டாம். எதிலுமே 100 கிராமுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. போதாததற்குப் பாலின் கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் சேரவிடாது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் குடித்துச் சோற்றைத் தள்ளும் இரண்டு வயதுக் குழந்தை வெளுத்துப்போவது இதனால்தான். இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்குவதும் வீண். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மாட்டுக்குத் தாது உப்புக் கலவை கொடுத்தால் பாலில் கால்சியம் ஏறுமா என்பது கறவை வைத்திருப்பவர்களின் நிரந்தரக் கேள்வி. ஏறாது. தீவனத்தில் குறைந்தால் மாடு தன் எலும்பைக் கரைத்துப் பாலில் அளவை நிறுத்திவிடும். கலவை கொடுப்பது பாலுக்காக அல்ல, மாட்டுக்காக. கன்று ஈன்ற அன்று 10 லிட்டர் சீம்பால் கறந்தால் 20 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. அந்த நேரத்தில் மாட்டின் ரத்தத்தில் ஓடுவது மொத்தமே 3 கிராம் அளவுதான். எலும்பில் இருந்து எடுத்து நிரப்பும் வேகம் பின்தங்கினால் மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். காது சில்லிட்டிருக்கும். பால்காய்ச்சல் என்று பெயர், உடம்பு சுடாது. கால்நடை மருத்துவர் கால்சியம் போரோகுளுக்கோனேட்டை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். தீவனத்தைப் பொறுத்துப் பாலில் உண்மையாகவே மாறுகிறவை அயோடினும் செலினியமும்.

கடைசியாகச் சமையலறை. பாயசத்தில் வெல்லம் போட்டதும் பால் திரிவது எல்லாரும் பட்டதுதான். வெல்லத்தின் லேசான புளிப்பு, கேசீனுக்குள் இருந்த கால்சியத்தை வெளியே இழுக்கிறது; சூடு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி ஆறவையுங்கள். பாலும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் சேர்த்து, அதற்குப் பிறகு கொதிக்கவிடாதீர்கள். எருமைப்பாலுக்கும் ஆட்டுப்பாலுக்கும் இந்தக் கவனம் இன்னும் கூட வேண்டும்.

பால் சட்டியின் அடியில் நாளடைவில் படியும் சாம்பல் வெள்ளைப் பொருக்கும் இதே கால்சியம் பாஸ்பேட்தான். சர்க்கரை, உப்பு எல்லாம் சூட்டில் நன்றாகக் கரையும். இது சூடேறினால் கரையாமல் படியும் வகை. சோப்பு, சோடா எதற்கும் அசையாது, ஏனென்றால் அவை கொழுப்பையும் புரதத்தையும் மட்டுமே எடுக்கும். வீட்டில் கெட்டிப் புளிக்கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் சூடாக்கி ஊறவிட்டுத் தேய்த்தால் போதும். பண்ணையில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் என்றால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு காஸ்டிக் சோடா, அலசல், அதன்பின் 60 டிகிரியில் 0.5 முதல் 1 சதவீத நைட்ரிக் அமிலம், மறுபடி அலசல். வரிசையை மாற்றினால் புரதப் படலம் மேலே மூடியிருக்கும், அமிலம் கல்லைத் தொடவே தொடாது. அலுமினியக் கேனில் காஸ்டிக் வேண்டாம், கேன் அரிக்கும். அமிலம் இருக்கும் வாளியில் பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.